பட்டாலையிலிருந்து இறக்கிய படங்கள்: செட்டிநாட்டு ஸ்டூடியோப் படங்களை அடையாளம் காண்பதும் காப்பாற்றுவதும்

காரைக்குடிப் பக்கத்துப் பூர்வீக வீட்டை மராமத்துக்கு விடுவதற்காகப் பட்டாலை என்னும் கூடத்தின் சுவரிலிருந்து நாற்பது படங்களைச் சட்டத்தோடு இறக்கி வைத்திருக்கிறீர்கள். இவர்கள் யார், எந்த வருஷத்துப் படம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டதை எப்படிப் பிரிப்பது, சட்டங்களைக் கழித்துவிட்டுப் படங்களை மட்டும் லேமினேட் செய்து ஆல்பத்தில் வைக்கலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகும் பசை படத்தின் ஜெலட்டின் படலத்தோடு சேர்ந்துவிடும். பிறகு எந்த நிபுணராலும் அதைப் பிரிக்க முடியாது. சட்டங்களையும் இப்போது கழிக்காதீர்கள். பழைய ஸ்டூடியோப் படத்தில் முகம் பாதிதான். அட்டை, அட்டையின் பின்புறம், சட்டக்காரர் ஒட்டிய காகிதம், பலகை, தொங்கிய இடம் எல்லாம் சேர்ந்து மீதிப் பாதி. பெயர் தெரியாத முகத்துக்குப் பெயர் கிடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் பாதியிலிருந்துதான்.

சுவருக்கு வெள்ளையடிக்கும் முன் அதைப் படம் எடுத்துவிடுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய செட்டிநாட்டுச் சுவரில் படம் தொங்கிய இடம் மட்டும் புகை படியாமல் வெளிறிய சதுரமாக நிற்கும். ஆணித் துளையும் இருக்கும். அந்தச் சதுரங்களை அளந்து சட்டங்களின் அளவோடு ஒப்பிட்டால் எந்தப் படம் எங்கே இருந்தது என்று பெருமளவு மீட்டுவிடலாம். மூத்தவர் நடுவில், அவருக்கு இரு பக்கமும் பிள்ளைகள், கதவுக்கு மேலே காலமானவர்கள் என்று மாட்டியவர்கள் ஏதோ ஒரு வரிசையை மனதில் வைத்துத்தான் மாட்டியிருப்பார்கள். அந்த வரிசை ஒரு வம்ச அட்டவணை. ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுத்து, பென்சிலால் எழுதிய சீட்டை நூலில் கட்டிச் சட்டத்தில் தொங்கவிடுங்கள். சட்டத்திலோ படத்திலோ எதையும் ஒட்ட வேண்டாம்.

அடுத்த வேலை பெரியவர்களிடம். இது ஸ்கேனிங்குக்கு முந்தியது. தள்ளிப்போட முடியாததும் இது ஒன்றுதான். சட்டத்தோடு இருக்கும் நிலையிலேயே ஒவ்வொரு படத்தையும் போனில் எடுத்து, ஏ4 அளவில் சாதாரண பிரிண்ட் போட்டு, ஒவ்வொரு தலைக்கும் மேலே ஓர் எண் எழுதுங்கள். அந்தப் பிரிண்டை ஆச்சியின் மடியில் கொடுத்து, எண்ணைச் சொல்லச் சொல்லி, பேச்சைப் பதிவு செய்யுங்கள். "இது யார்?" என்று மட்டும் கேட்டால் இரண்டு பெயரோடு நின்றுவிடும். "இந்தக் கண்டசரம் இப்போ யார் வீட்டில் இருக்கு?", "இந்தப் பிள்ளை எந்த வீட்டுக்குப் பிள்ளை கூட்டிப் போனது?", "இந்தப் படம் எடுத்தப்போ அப்பச்சி பர்மாவில் இருந்தாகளா, வந்துட்டாகளா?" என்று கேளுங்கள். பிள்ளை கூட்டுவது என்றால் தத்தெடுப்பது. முகத்தை மறந்தவர்கள்கூட நகையை மறப்பதில்லை.

பெயர்களில் ஒரு பொறி உண்டு. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் பேரனுக்குத் தாத்தா பெயரை இடும் வழக்கத்தால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பும். பின்னட்டையில் பெயர் மட்டும் இருந்தால் அது தாத்தாவா பேரனா என்று படத்தின் காலத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் வரும் எழுத்துத் தொடர், இருந்தால் நல்லது. மு.அரு.ராம. என்பது போன்ற எழுத்துகள் முன்னோரின் பெயர்முதல்களை வரிசையாகத் தாங்கி நிற்பவை, தலைமுறையை எண்ணிவிடலாம். ஆனால் பிள்ளை கூட்டப்பட்டவர் போன வீட்டு விலாசத்துக்கு மாறியிருப்பார். ஒரே ஆள் சிறுவனாக ஒரு விலாசத்திலும் மாப்பிள்ளையாக இன்னொரு விலாசத்திலும் வருவது இதனால்தான்.

சட்டத்தைத் திறக்கும்போது

மேசையில் கெட்டியான போர்வை, அதன் மேல் சுத்தமான வெள்ளைத் துணி. படத்தை முகங்குப்புற வைத்து, பின்பக்கத்தை முதலில் அப்படியே போட்டோ எடுங்கள். சின்ன ஆணிகளைப் பட்டை மூக்குக் குறடால் படுக்கைவாட்டில் இழுக்க வேண்டும். மேல்நோக்கி நெம்பினால் பலகை கண்ணாடியை அழுத்தி உடைத்துவிடும். ஒட்டியிருக்கும் பழுப்புக் காகிதத்தை ஓரமாக பிளேடால் கீறி முழுத் துண்டாக எடுங்கள்.

பலகைக்கும் படத்துக்கும் இடையே சட்டக்காரர் அண்டக் கொடுத்த செய்தித்தாள் இருக்கும். அதைக் குப்பை என்று வீசிவிடாதீர்கள். தேதி கிழிந்து போயிருந்தாலும் பத்திரிகைப் பெயரே பேசும். தினமணி 1934இல் தொடங்கியது, தினத்தந்தி 1942இல். அந்தத் தாள் இருந்தால் சட்டம் போட்டது அதற்குப் பிறகுதான். கவனியுங்கள், அது சட்டம் போட்ட காலம். படம் எடுத்த காலம் அல்ல. பழைய படத்துக்குப் பின்னால் புதிதாகச் சட்டம் மாற்றுவது எல்லா வீட்டிலும் நடந்தது. தாளைப் போட்டோ எடுத்துத் தனி உறையில் வையுங்கள். படத்தோடு சேர்த்து மறுபடி வைக்க வேண்டாம். செய்தித்தாளின் அமிலம்தான் பல படங்களின் பழுப்புக்குக் காரணம்.

ஸ்டூடியோ முத்திரையிலும் சட்டக்கடைச் சீட்டிலும் ஊர்ப் பெயரோடு வரும் ஜில்லாவைப் பாருங்கள். காரைக்குடிப் பகுதி 1910 வரை மதுரை ஜில்லா. அந்த வருஷம் ராமநாதபுரம் ஜில்லா பிரிந்தது. 1985இல் பசும்பொன் மாவட்டம் வந்தது, பின்னாளில் அதுவே சிவகங்கை மாவட்டம் ஆனது. 'ராம்நாட் டிஸ்ட்ரிக்ட்' என்று முத்திரை இருந்தால் 1910க்கும் 1985க்கும் இடைப்பட்டது. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது.

கடல் தாண்டிய முத்திரைகள் செட்டிநாட்டுப் படங்களில் ஏராளம். கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டி வணிகம் செய்ய, போனவர்கள் ரங்கூன் மொகல் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் கொழும்புச் செட்டியார் தெருவிலும் கிட்டங்கி என்னும் கடைவீட்டில் இருந்துகொண்டு ஊருக்குப் படம் அனுப்பினார்கள். ரங்கூனில் பிலிப் கிளியர் ஸ்டூடியோ என்றால் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து 1910ஐ ஒட்டி வரை. கொழும்புப் பிளாட்டே கம்பெனி 1890இல் தொடங்கியது. சிங்கப்பூர் லேம்பர்ட் கம்பெனி 1867இல் தொடங்கி முதல் உலகப் போர்க் காலம் வரை ஓடியது. சென்னைப் படமாக இருந்து ஜி.கே. வேல் ஸ்டூடியோவின் பெயர் இருந்தால் 1910க்குப் பிறகு. பர்மா முத்திரைப் படங்களில் பெரும்பகுதி 1942க்கு முந்தியவை. ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது அந்த வருஷம் மார்ச்சில். வட்டிக்கடைக் குடும்பங்கள் அதற்கு முன்பே கிளம்பத் தொடங்கிவிட்டன.

பின்னட்டையில் தமிழ் வருஷப் பெயர் எழுதியிருந்தால் அதைவிடப் பெரிய பொக்கிஷம் இல்லை. ஆனால் அறுபது வருஷச் சுழற்சி இருப்பதால் இரண்டு மூன்று விடைகள் வரும். 'தாது வருஷம் தை மாதம்' என்று இருந்தால் 1877 தையாகவும் இருக்கலாம், 1937 தையாகவும் இருக்கலாம். முந்தையது தாது வருஷப் பஞ்சத்தின் காலம். எது சரி என்று காகிதம் சொல்லிவிடும். அதற்கு வருவோம்.

காகிதம் என்ன சொல்கிறது

நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலை முழுக்கக் கைகொடுக்கும். முதலில் புள்ளிகள் தெரிகிறதா என்று பாருங்கள். ஒழுங்கான புள்ளி வரிசை இருந்தால் அது போட்டோவே இல்லை, அச்சகத்தில் அடித்த படம். சாமி படங்களும் தலைவர்கள் படங்களும் இப்படித்தான் இருக்கும்.

புள்ளி இல்லை, ஆனால் படத்துக்கு அடியில் காகித நார் தெளிவாகத் தெரிகிறது, நிறம் செம்பழுப்பு அல்லது ஊதாப் பழுப்பு, வெள்ளையாக இருக்க வேண்டிய வேட்டி மஞ்சளடித்திருக்கிறது, மேலே மயிரிழை போன்ற வெடிப்புகள் இருக்கின்றன என்றால் அது முட்டை வெள்ளைக்கரு பூசிய அல்புமென் காகிதம். 1850இல் வந்த முறை, 1890களில் தேய்ந்தது. காகிதம் மிக மெல்லியதாக இருப்பதால் கெட்டி அட்டையில் ஒட்டாமல் கொடுக்கவே மாட்டார்கள்.

நார் தெரியவில்லை, நிறம் கறுப்பு வெள்ளை அல்லது மெல்லிய பழுப்பு என்றால் ஜெலட்டின் அச்சு. நம் ஸ்டூடியோக்காரர்கள் 'புரோமைடு' என்று சொல்வது இதைத்தான். காகிதத்துக்கும் ஜெலட்டினுக்கும் நடுவே பேரைட்டா என்ற வெள்ளைப் படலம் இருப்பதால் நார் மறைந்துவிடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் கலர் வரும்வரை ஸ்டூடியோ வேலை பெரும்பாலும் இதில்தான். இதைச் சாய்த்துப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். கறுத்த பகுதிகளில், குறிப்பாக ஓரங்களில், ஈயம் பூசிய பாத்திரம் போல நீல வெள்ளி மினுக்கம் தெரியும். படத்திலிருக்கும் வெள்ளி காற்றிலும் ஈரத்திலும் கரைந்து மேலே வந்து மறுபடி வெள்ளியாகப் படிந்ததுதான் அது. துடைத்தால் போய்விடும், கூடவே படமும் போய்விடும். துடைக்காதீர்கள்.

தாது வருஷப் படம் இப்படி வெள்ளி மினுக்கத்தோடு இருக்கும் கறுப்பு வெள்ளை ஜெலட்டின் அச்சு என்றால் 1937தான். 1877இல் அந்தக் காகிதம் புழக்கத்தில் இல்லை.

இன்னொரு சோதனை புற ஊதா டார்ச். 365 நானோமீட்டர் என்று குறிப்பிட்டு விற்பதை வாங்குங்கள். 395 வகையில் ஊதா வெளிச்சமே கண்ணை மறைக்கும். இருட்டறையில் பின்பக்க ஓரத்தில் இரண்டு விநாடி காட்டினால் போதும். காகிதம் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டி கலந்திருக்கிறது, ஆகவே சுமார் 1950க்குப் பிந்தையது. ஒளிராவிட்டால் பழையது என்று பொருளல்ல. வெண்மையூட்டி சேர்க்காத காகிதமும் பிறகு ஓடியது. பின்னால் 'இந்து' என்ற முத்திரை இருந்தால் உதகை ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் காகிதம். அந்த ஆலையில் உற்பத்தி தொடங்கியதே 1960களின் பிற்பகுதியில். பின்புறம் பிளாஸ்டிக் போல வழுவழுப்பாக இருந்தால் 1970களோ அதற்குப் பிறகோ.

அட்டை அளவும் உதவும். விசிட்டிங் கார்டு அளவு அட்டை, ஏறத்தாழ இரண்டரைக்கு நான்கு அங்குலம், 1854இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற வடிவம். கேபினட் அட்டை நாலேகாலுக்கு ஆறரை அங்குலம், 1866இல் வந்தது. ஐரோப்பாவில் வழக்கொழிந்த பிறகும் நம் சிறு நகரங்களில் கையிருப்பு அட்டைகள் பல வருஷம் ஓடின. ஆகவே அட்டை வடிவம் 'இதற்கு முன்னால் இல்லை' என்று மட்டும் சொல்லும். பொதுவாகவே இந்த வேலையில் ஐந்து தடயம் கிடைத்தால் அவற்றில் காலத்தால் பிந்தியதுதான் முடிவைச் சொல்ல வேண்டும். பழைய கோட்டைப் பேரன் போட்டுக்கொள்ளலாம், பழைய திரைச்சீலை முன்னால் முப்பது வருஷம் படம் எடுக்கலாம். ஆனால் இன்னும் கண்டுபிடிக்காத காகிதத்தில் யாரும் அச்சுப் போட முடியாது.

முகத்தையும் தரையையும் பார்ப்பது

லென்ஸைக் கண்மணியில் வையுங்கள். கண்ணுக்குள் சின்ன வெள்ளைப் புள்ளி தெரியும். அது ஸ்டூடியோ வெளிச்சத்தின் பிரதிபிம்பம். ஒரு பக்கமாக, மேலே, சதுரமாக, பெரிதாக இருந்தால் கூரைக் கண்ணாடி வெளிச்சம். இரண்டு மூன்று சிறு வட்டங்கள் இருந்தால் மின்விளக்கு. பழைய ஸ்டூடியோக்களில் வடக்குச் சரிவில் கண்ணாடி போட்டுப் பகல் வெளிச்சத்தில் எடுத்தார்கள். காரைக்குடி 10 பாகை வடக்கில் இருப்பதால் சித்திரை தொடங்கி ஆவணி ஆரம்பம் வரை நடுப்பகல் வெயில் வடக்கிலிருந்தே விழும். அந்த மாதங்களில் வெள்ளைத் துணித் திரையை இழுத்துவிட்டுத்தான் வேலை. வெளிச்சம் குறைந்தால் ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று லென்ஸைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. கைக்குழந்தையின் தலை கலங்கித் தெரிவதும், பெரியவர்கள் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருப்பதும் அதனால்தான். நிற்பவரின் பாதத்துக்குப் பின்னால் இரும்புக் கால் ஒன்று எட்டிப் பார்த்தால், அது தலை அசையாமல் பின்னாலிருந்து தாங்கிய கவட்டைக் கம்பியின் அடிக்கால்.

முகம் வழவழவென்று, வயதுக்குப் பொருந்தாமல், நிறம் வெளுத்து இருந்தால் அது நெகட்டிவில் செய்த ரீடச்சிங். கூர் சீவிய பென்சிலால் நெகட்டிவில் முகம் இருக்கும் இடத்தில் பொடிப்பொடியாகக் கோடு போடுவார்கள். அங்கே அடர்த்தி கூடும், அச்சில் வெளிறும். சுருக்கம் மறையும், அம்மைத் தழும்பு மறையும், மாநிறம் சிவப்பாகும். அதனால் நிறத்தையும் தழும்பையும் வைத்து ஆளை அடையாளம் காண முயலாதீர்கள். காது, தலைமுடி தொடங்கும் கோடு, கை விரல்களின் அமைப்பு ஆகியவற்றை வைத்து ஒப்பிடுங்கள். ரீடச்சிங் செய்தவர் காதைப் பெரும்பாலும் தொட மாட்டார்.

கணவன் மனைவி இருவர் படத்தில் கழுத்துரு என்னும் பெரிய தாலி தெரிகிறதா என்று பாருங்கள். நகரத்தார் பெண்கள் அதைத் தினமும் அணிவதில்லை. திருமணத்துக்கும் கணவரின் அறுபதாம் கல்யாணம் போன்ற சாந்திகளுக்கும்தான் பெட்டியிலிருந்து வெளியே வரும். இளம் முகத்தோடு கழுத்துரு என்றால் கல்யாணப் படம், நரைத்த தலையோடு என்றால் சாந்திக் கல்யாணம் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தேதி குடும்பத்தில் யாருக்காவது தெரிந்திருக்கும், அல்லது இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்த ஏட்டில், மொய்க் கணக்கில், அழைப்பிதழில் இருக்கும். வெள்ளைச் சேலை, வெறுங்கழுத்து என்றால் கணவர் இறந்த பிறகு. ஒரே பெண்மணி இரண்டு படங்களில் நகையோடும் நகையில்லாமலும் இருந்தால், இரண்டுக்கும் நடுவே ஒரு மரணத் தேதி இருக்கிறது. ஆண்களில் குடுமி கிராப்பாக மாறுவதையும், காதில் கடுக்கன் போவதையும் பாருங்கள். ஒரே ஆளின் படங்களை முன்பின் வரிசைப்படுத்த அது போதும். வருஷம் சொல்லப் போதாது.

தனி ஆளின் சிறிய, மார்பளவு, வெறும் பின்னணிப் படங்கள் 1920க்குப் பிறகு கூடுகின்றன. அந்த வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டத்துக்குப் பின் கடல் கடந்து போகப் படம் தேவைப்பட்டது. அத்தகைய சின்னப் படத்தைப் பெரிதாக்கித்தான் பல வீட்டுச் சுவர்ப் படங்களை உண்டாக்கினார்கள்.

குடும்பப் படத்தில் ஒருவர் மட்டும் பொருந்தாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். எல்லோருக்கும் நிழல் இடப்பக்கம் விழ, அவருக்கு மட்டும் வலப்பக்கம்; காலடியில் நிழலே இல்லை; தோளைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு. அவர் அன்று அந்த அறையில் இல்லை. கொழும்பிலோ மலாயாவிலோ இருந்தவரை, அல்லது இறந்துபோனவரை, வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டி மறுபடி படம் எடுத்திருக்கிறார்கள். 'எல்லோரும் ஊரில் இருந்த வருஷம்' என்று இந்தப் படத்தை வைத்துக் கணக்கிட்டால் தவறிப்போகும். கண்கள் மட்டும் வரைந்ததுபோல் கூர்மையாக, மற்ற முகம் தளர்ந்து இருந்தால் இறந்த பின் உட்கார வைத்து எடுத்துக் கண்ணைத் திறந்ததாக எழுதிய படமாக இருக்கலாம். உயிரோடு இருக்கும்போது ஒரு படமும் எடுக்காதவருக்குக் குடும்பம் செய்த கடைசி மரியாதை அது. அப்படிப்பட்டதைப் பெரியவர்களிடம் காட்டும்போது முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காட்டுங்கள்.

கண்ணாடியில் ஒட்டியவை

இதுதான் அதிகம் கெடுகிற இடம். சட்டத்தைச் சாய்த்துப் பார்த்தால் ஒட்டிய பகுதி நனைந்ததுபோல் கருத்துத் தெரியும், ஒட்டாத பகுதி சற்று வெளிறித் தெரியும். மழைக்காலத்தில் காற்றின் ஈரம் 70 சதவீதத்தைத் தாண்டும்போது ஜெலட்டின் ஊறி இளகி, நேராகத் தொடும் கண்ணாடியில் பசைபோல் பிடிக்கிறது. வெயில் காலத்தில் இறுகிவிடுகிறது. பத்து மழைக்காலம் போனால் கண்ணாடியும் படமும் ஒன்று.

இழுத்தால் ஜெலட்டின் கண்ணாடியோடு தங்கும், உங்கள் கையில் வெள்ளைக் காகிதம் மட்டும் வரும். கத்தி செருகுவது, ஹேர் டிரையர், ஃப்ரீசரில் வைப்பது, தண்ணீரில் ஊறப்போடுவது எல்லாவற்றையும் இணையத்தில் யாராவது சொல்வார்கள். தண்ணீர் முறை சிலவகை ஜெலட்டின் அச்சில் வேலை செய்கிறது என்பது உண்மை. ஆனால் பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்துவிடும். கையால் வண்ணம் தீட்டிய படத்தில் சாயம் ஓடிவிடும். அட்டையில் ஒட்டிய படம் கோணும். உங்கள் படம் எந்த வகை என்று நூற்றுக்கு நூறு தெரியாமல் இறங்கக்கூடாது.

பிரிக்காமல் கண்ணாடி வழியாகவே ஸ்கேன் செய்யுங்கள். துணியை லேசாக நனைத்துக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் துடையுங்கள். கண்ணாடி மேல் தெளிக்காதீர்கள், ஓரம் வழியாக உள்ளே இறங்கும். சந்தனம், குங்குமம் இருந்தால் உலர்ந்ததை முதலில் மரக்குச்சியால் பெயர்த்துவிட்டுப் பிறகு துடையுங்கள். ஸ்கேனர் வாங்கும்போது சிசிடி வகையா என்று கேட்டு வாங்குங்கள். மெல்லிய, மலிவான சிஐஎஸ் ஸ்கேனர் தன் கண்ணாடியைத் தொடும் பொருளை மட்டுமே கூர்மையாக எடுக்கும். நடுவே 2 மில்லிமீட்டர் படக்கண்ணாடி வந்தால் மங்கிவிடும். சிசிடி வகைக்கு அந்த இடைவெளி பொருட்டில்லை. ஸ்கேன் முடிந்ததும் கண்ணாடியையும் படத்தையும் ஒரே பொருளாகக் கருதி, பின்னால் அமிலமில்லாத அட்டை வைத்து அப்படியே வையுங்கள். கண்ணாடி உடைந்திருந்தால் அடியில் இன்னொரு கண்ணாடியைக் கொடுத்துத் தாங்கி எடுங்கள். மிக முக்கியமான ஒன்றிரண்டு படங்களை மட்டும் காகிதப் பாதுகாப்பு நிபுணரிடம் கொடுங்கள்.

பெரிய அளவு படங்களில் இன்னொரு எச்சரிக்கை. 15 அங்குலத்துக்கு மேற்பட்ட சுவர்ப் படங்கள் பல, மங்கலாகப் பெரிதாக்கிய அச்சின் மேல் கரியும் சாக்பீஸ் தூளும் கொண்டு கையால் முடித்தவை. உங்கள் விரல் பட்டாலே மீசை போய்விடும். லென்ஸில் பார்த்தால் முகத்தில் தூரிகைத் தடமும் தூள் துகளும் தெரியும். இவற்றைப் பிரஷ்ஷால்கூடத் தொடாதீர்கள்.

மற்றப் படங்களுக்குத் தூசி போக மென்மையான பிரஷ், நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஊதும் ரப்பர் பந்து, அவ்வளவுதான். ஸ்பிரிட், ஈரத் துணி, ரப்பர், உருளைக்கிழங்கு எதுவும் வேண்டாம். பூஞ்சை பிடித்தது மாவுபோல் உலர்ந்திருந்தால் முகமூடி அணிந்து, வெளித் திண்ணை நிழலில் தட்டுங்கள். ஈரமாகப் பிசுபிசுத்தால் முதலில் காற்றோட்டமான நிழலில் நாலைந்து நாள் உலரவிடுங்கள். வெயிலில் போட்டால் ஜெலட்டின் சுருங்கிப் படம் சுருளும். இராமபாணப் பூச்சி ஓரங்களில் மேய்ந்திருக்கும். அதற்கு ஜெலட்டினும் பிடிக்கும், ஒட்டிய மாவுப் பசையும் பிடிக்கும். அட்டையில் ஒட்டிய படத்தை உரிக்கும் ஆசையே வேண்டாம்.

ஸ்கேனும் சேமிப்பும்

கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரில் ஸ்கேன் செய்யுங்கள். மஞ்சளும் பழுப்பும் வெள்ளி மினுக்கமும் காலம் சொல்லும் தடயங்கள். 600 டிபிஐ, டிஃப் கோப்பு, தானியங்கித் திருத்தங்கள் எல்லாம் அணைத்த நிலையில். பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்கு 1200. ஆறரைக்கு எட்டரை அங்குல ஃபுல் பிளேட் அச்சு 600இல் 3900க்கு 5100 புள்ளிகள், கிட்டத்தட்ட 60 எம்பி. நாற்பது படம், முன்னும் பின்னும், 5 ஜிபிக்குள் அடங்கிவிடும். இடத்தை மிச்சம் பிடிக்க வாட்ஸ்அப் அளவுக்குச் சுருக்குவதற்குக் காரணமே இல்லை. பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் ஓரத்தை வெட்டாமல், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து எடுங்கள். கோப்புப் பெயர் சட்டத்தில் கட்டிய எண்ணோடு தொடங்கட்டும்: 017_முன், 017_பின், 017_சட்டம். நிறம் கூட்டுவது, கீறல் அழிப்பது, கணினியால் வண்ணம் தீட்டுவது எல்லாம் நகலில் மட்டும். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில்.

மூலப் படங்களுக்கு அமிலமில்லாத காகித உறை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. விவரத்தை உறையில் எழுதி முடித்த பிறகு படத்தை உள்ளே விடுங்கள். உள்ளே வைத்துவிட்டு எழுதினால் அழுத்தம் படத்தில் பதியும். படத்தின் பின்னால் எழுதத்தான் வேண்டுமென்றால் 4பி பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயிண்ட் மை பத்து வருஷத்தில் முன்பக்கம் முகத்தில் தெரியும். பிளாஸ்டிக் உறைதான் வேண்டுமென்றால் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன். வாடை அடிக்கும் பிவிசி உறையும், பிசின் பக்கங்களில் ஒட்டி மேலே தாள் மூடும் ஆல்பமும் கூடாது. அந்தப் பிசின் இருபது வருஷத்தில் லேமினேஷனுக்குச் சமம். செலோடேப், ஃபெவிகால், இருபக்க டேப் மூன்றும் விஷம். நாப்தலின் உருண்டையைப் பெட்டிக்குள் போடாதீர்கள்.

பெட்டியைத் தரையிலிருந்து அரையடி உயர்த்தி, வெளிச்சுவரைத் தொடாத அலமாரியில் வையுங்கள். வளவை, அதாவது வீட்டு முற்றத்தை, ஒட்டிய உள்ளறை நல்லது. மச்சும் நிலவறையும் வேண்டாம். மச்சில் சூடு, நிலவறையில் ஈரம். ஐப்பசியில் சிலிக்கா ஜெல் பையை உள்ளே வைத்து, நிறம் மாறினால் எடுத்து 120 பாகைச் சூட்டில் அவனில் காயவைத்து மறுபடி வையுங்கள். காயவைக்காமல் விட்ட ஜெல்லால் பயனே இல்லை. தை பிறந்ததும் ஒருமுறை பெட்டியைத் திறந்து பூச்சி பாருங்கள்.

வீட்டில் எங்காவது கண்ணாடி நெகட்டிவ் கிடைத்தால் ஓரங்களைப் பிடித்துத் தூக்குங்கள். மங்கலான பக்கம்தான் படம் இருக்கும் பக்கம். அடுக்காமல், நீண்ட ஓரம் கீழே வரும்படி புத்தகம்போல் நிறுத்தி வையுங்கள். படுக்கவைத்து அடுக்கினால் கீழே இருப்பவை பாரத்தில் உடையும். பிலிம் நெகட்டிவில் வினிகர் வாடை வந்தால் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது, மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள். உள்ளூர்ப் பழைய ஸ்டூடியோ இன்னும் நடந்தால் போய்க் கேளுங்கள். கண்ணாடித் தகடுகளைக் கழுவிச் சட்டக் கண்ணாடியாகவும் பிலிமை வெள்ளிக்காகவும் விற்றுவிட்ட கடைகள் நிறைய. ஆனால் சில இடங்களில் பரணில் இருக்கும்.

வெளியே கொடுத்து வைக்க விரும்பினால் இரண்டு இடங்களை அணுகலாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் ஒருவர் தன் வீட்டில் சேர்த்த தொகுப்பிலிருந்து பிறந்தது. பழைய காகிதத்தின் அருமை தெரிந்த இடம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வழியாகத் தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்வடிவாக்கும் வேலை நடந்து, அவை பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தில் சேர்ந்திருக்கின்றன. எங்கே கொடுத்தாலும் பெயர்ப் பட்டியலும் ஆச்சியின் ஒலிப்பதிவும் சேர்த்துக் கொடுங்கள். பெயரில்லாத படத்தை யாரும் தேடி எடுக்க முடியாது.

மராமத்து முடிந்து பட்டாலையில் மறுபடி மாட்டும்போது மூலப் படங்களை மாட்ட வேண்டாம். ஸ்கேனிலிருந்து நல்ல காகிதத்தில் அதே அளவில் பிரிண்ட் போட்டு, அதே பழைய தேக்குச் சட்டத்தில் வையுங்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி வரும்படி ஓரத்தில் அட்டைப் பட்டை கொடுக்கச் சொல்லுங்கள். மாலையும் சீரியல் பல்பும் அந்த நகலுக்கே போகட்டும். பின்பலகையில் எண்ணையும் பெயர்களையும் பென்சிலால் எழுதி, சுவரில் படம் எடுத்து வைத்த அந்த வெளிறிய சதுரங்களின் வரிசையிலேயே மாட்டுங்கள்.